தொல்லியல், அருங்காட்சியக வேலை: படிப்பு, அறம், வாய்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழடியின் பெயர் செய்திகளில் வரத் தொடங்கிய பிறகு என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிட்டன. பிளஸ் டூ முடித்த மகளோடு வரும் அப்பா, பொறியியல் படித்துவிட்டு மனசு மாறிய இளைஞர், வயலில் பொறுக்கிய பானை ஓடுகளைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவரும் ஆசிரியர் என்று பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சில ஆண்டுகள் அகழாய்வுக் குழியிலும், அப்புறம் ஓர் அருங்காட்சியகத்தின் பதிவறையிலும் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தொல்லியல் என்றால் மண்ணுக்குள் இருக்கும் பழைய பொருளைத் தேடி எடுப்பதுதானே?

எடுப்பது வேலையில் ஒரு சிறு பகுதி. எங்கே, எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், பக்கத்தில் எதோடு கிடந்தது என்று எழுதுவதுதான் பெரும்பகுதி.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரி மாதிரி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலக்கணிப்போடு திரும்பியது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டபோது எல்லோரும் பேசியது அந்த ஆண்டைப் பற்றித்தான். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது 353 என்ற எண். அந்த ஆழம் குறிக்கப்படாமல் போயிருந்தால், என்றோ ஒரு நாள் எரிந்த ஒரு மரத்தின் வயது மட்டும்தான் நம் கையில் இருந்திருக்கும். ஆழம் குறிக்கப்பட்டதால்தான், அதே அடுக்கில் கிடந்த பானை ஓடுகளுக்கும் மற்றப் பொருட்களுக்கும் அந்தக் காலத்தைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கிடைத்ததும் அப்படித்தான். தாழியைத் திறந்து மண்ணைக் கொட்டிவிட்டு ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று போயிருந்தால் அந்த நெல் வரப்போரத்தில் மக்கியிருக்கும்.

இவ்வளவு பிடிவாதம் தேவையா? ஒரு சீட்டு தவறிப்போனால் என்ன ஆகிவிடும்?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் களப் பருவம். ஊர் பெயர் வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் திடீர் மழை. குழியைத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்குள் மேட்டில் அடுக்கி வைத்திருந்த ஓட்டுப் பைகள் நனைந்துவிட்டன. பைகளின் கழுத்தில் கட்டியிருந்த சீட்டுகளை நான் மைப்பேனாவால் எழுதியிருந்தேன். காலையில் பார்த்தால் மூன்று பைகளின் சீட்டுகள் வெறும் நீலக் கறை. பைக்குள்ளே இன்னொரு சீட்டு போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நேரமில்லை என்று விட்டிருந்தேன்.

அதில் ஒரு பையில் கீறல் குறியீடு உள்ள கறுப்பு சிவப்பு ஓடு ஒன்று இருந்தது. அதைக் குழியிலிருந்து எடுத்த தொழிலாளி அம்மாவுக்கு அது நினைவிருந்தது. ஆனால் எந்தக் குழி என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து மாறியது. எங்கள் இயக்குநர் திட்டவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “எழுதுப்பா, கிடைத்த இடம் தெரியாதுன்னு” என்றார். நான் எழுதினேன். ஒரு ஊர் இரண்டாயிரம் வருடம் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரே இரவில் தொலைத்துவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து பென்சில்தான். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

இந்தத் துறையின் அறம் என்று பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். திருட்டுச் சிலையை அருங்காட்சியகம் வாங்கலாமா, நாணயத்துக்கு விலை சொல்லலாமா, அறிக்கையைத் தாமதிக்கலாமா என்று எதைக் கேட்டாலும், அந்தப் பொருளை அதன் இடத்திலிருந்து பிரிக்கிறோமா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

களத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

வெயிலுக்கு முன் தொடங்கிவிடுவோம். பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்துக் குழி எடுப்பது வழக்கம். நடுவே வெட்டாமல் விடும் மண்சுவர்தான் உங்கள் புத்தகம். அடுக்குகள் அதில் கோடு கோடாகத் தெரியும். சிறுகொத்தால் சுரண்டுவது, தூரிகையால் துடைப்பது, மண்ணைச் சல்லடையில் சலிப்பது, அளப்பது, வரைவது, படம் எடுப்பது. கரி கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது. சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிய வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகவே ஆகாது. பிற்பகலில் ஓடு கழுவுதல், இரவில் கள ஏடு எழுதுதல். பெரும்பாலான நாட்களில் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்ல எதுவும் இருக்காது.

குழியில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் வருகிறதா?

போதுமான அளவுக்கு வருவதில்லை. நூறு நாள் வேலையிலும் வயல் வேலையிலும் மண்ணோடு பழகிய பெண்கள்தான் பல குழிகளில் மண்ணின் நிறம் மாறுவதை முதலில் கவனிக்கிறார்கள். கை மண்வெட்டியில் ‘சத்தம் மாறுது சார்’ என்று சொல்வது அவர்கள். கள ஏட்டில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். அறிக்கையின் நன்றியுரையில் ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள்.

என்ன படிக்க வேண்டும்?

இளங்கலையில் வரலாறு, தமிழ், மானிடவியல், வேதியியல், நிலவியல், தாவரவியல் என்று எதை எடுத்தாலும் வழி இருக்கிறது. முதுகலையில்தான் பாதை பிரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் படிக்கலாம், கடல்சார் தொல்லியலுக்கும் அங்கே இடம் உண்டு. வெளியூர் போகத் தயார் என்றால் புனே டெக்கான் கல்லூரி. மண், எலும்பு, விதை என்று அறிவியல் பக்கம் வலுவாகக் கற்றுத்தரும் இடம் அது.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையே கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாட்டில் வேலை செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்துகள் மூன்றையும் கற்றுக்கொண்டு, களத்திலும் இறங்கி வேலை பழகலாம்.

மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை, கிரேட்டர் நொய்டாவில் பண்டித தீனதயாள் உபாத்யாயா தொல்லியல் நிறுவனத்தை நடத்துகிறது. அங்கே இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

அருங்காட்சியகப் பக்கம் என்றால் அருங்காட்சியகவியலுக்கு வதோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் பழைய, நல்ல பெயர் பெற்ற இடம். முன்பு தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்றிருந்தது இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனமாக இயங்குகிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றிலும் அங்கே முதுகலை உண்டு. பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் ஆர்வம் என்றால் லக்னோவில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் பயிற்சிகளைக் கவனியுங்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவர் கிரேட்டர் நொய்டா தொல்லியல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். 2020 அக்டோபரில் வந்த அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் என்று மொழிகளைப் போட்டுவிட்டுத் தமிழை விட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே தமிழும் மற்றச் செம்மொழிகளும் சேர்க்கப்பட்டுத் திருத்திய அறிவிப்பு வந்தது. அன்று குரல் கொடுத்தவர்களால் திறந்த கதவு அது. தமிழ் படித்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நான் அறிவியல் மாணவர். எனக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, உங்களைத்தான் தேடுகிறோம். தாழியில் இருக்கும் தானியத்தை அடையாளம் காணத் தாவரவியல் வேண்டும். ஆட்டெலும்பா மானெலும்பா என்று சொல்ல விலங்கியல் வேண்டும். பழைய ஆற்றுப்போக்கைக் கண்டுபிடிக்க நிலவியலும் செயற்கைக்கோள் படங்களும் வேண்டும். வெண்கலத்தில் பூத்த பச்சையை நிறுத்த வேதியியல் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கி, மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். நில அளவை, படம் வரைதல், புகைப்படம் தெரிந்தவர்களுக்கும் ஒவ்வொரு களத்திலும் வேலை உண்டு.

கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்?

சோழர் காலத் தமிழ் எழுத்தை ஆறு மாதத்தில் தடவித் தடவிப் படிக்கலாம். சரளமாக வர இரண்டு மூன்று வருடம். பொருள் புரிய வாழ்நாள்.

படியெடுக்கும் வேலையை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பாசியையும் தூசியையும் நீக்குவார்கள். நனைத்த தாளைக் கல்லின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, தட்டுத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் வற்றுகிற பக்குவம் வந்ததும் மைப்பந்தால் ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். வெறும் கண்ணுக்கு மொட்டைச் சுவராகத் தெரிந்த இடத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று வெள்ளெழுத்து எழுந்து வரும். அவசரப்பட்டால் தாள் கிழியும், தாமதித்தால் மை பிடிக்காது. அந்தப் பக்குவத்தைக் கை கற்றுக்கொள்ளப் பல தாள்கள் வீணாகும், பரவாயில்லை.

செய்யக் கூடாததும் இருக்கிறது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ பெயின்டோ பூசாதீர்கள். கோயில் திருப்பணியில் மணல் வீசிக் கல்லைச் சுத்தம் செய்ததில் தமிழ்நாடு இழந்த எழுத்துகள் எத்தனையோ. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால், கல்வெட்டு உள்ள சுவர் எது என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகத்தில் என்னதான் வேலை? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் முடிந்ததுதானே?

பார்வையாளர் பார்ப்பது ஒரு சிறு பங்கைத்தான். மீதி இருப்பறையில் இருக்கும். அங்கே முதல் வேலை பதிவேடு. ஒரு பொருள் உள்ளே வந்தால் அது எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்த நாளில், என்ன நிலையில் வந்தது என்று எழுதி எண் கொடுக்க வேண்டும்.

எண் எழுதுவதே ஒரு கலை. பானை ஓட்டின் மேல் நேரடியாக மை வைக்கக் கூடாது, துளைகளுக்குள் இறங்கிவிடும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில், உட்பக்கமாக, பின்னால் கரைத்து எடுத்துவிடக்கூடிய ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்றை விரல் நகம் அளவுக்குத் தடவிக் காயவிட வேண்டும். அதன்மேல் மெல்லிய நிப்பால் எண். அதன்மேல் மீண்டும் ஒரு பூச்சு. ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் அந்த எண்ணை அழித்து எழுத நினைத்தால், ஓட்டுக்குச் சேதமில்லாமல் அழிக்க முடிய வேண்டும். உடைந்த பானையை ஒட்டுவதிலும் இதே கணக்குதான். கடையில் கிடைக்கும் பசையால் ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், பின்னால் பிரிக்கும்போது ஓடு சேர்ந்து பிய்யும்.

வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அந்தப் பச்சைப் படலம் பெரும்பாலும் உலோகத்துக்குக் கவசம். அதிலேயே வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால்தான் நோய். உலோகத்துக்குள் குளோரைடு புகுந்து ஈரத்தோடு சேர்ந்து அரிக்கிறது என்று பொருள். அதற்கு வேதியியலாளர் வேண்டும், காற்றின் ஈரத்தைக் குறைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இந்தக் கவலை இன்னும் அதிகம்.

இவை தவிர காட்சி அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவது, பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க நகல்கள் செய்வது என்று வேலைகள் விரிகின்றன. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பொருளைப் பார்ப்பதற்கும், எங்கோ ஒரு நகரத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும்.

பழைய நாணயம் சேர்க்கிறேன். இந்த வேலைக்கு வந்தால் தொடரலாமா?

நான் விட்டுவிட்டேன். உலக அருங்காட்சியகங்கள் மன்றம் 1986இல் ஏற்றுக்கொண்ட அறநெறி விதிகள், அருங்காட்சியகப் பணியாளர் பண்பாட்டுப் பொருட்களை லாபத்துக்கு வாங்கி விற்பதில் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஈடுபடக் கூடாது என்கின்றன. சேகரிப்பதை முற்றாகத் தடுக்கவில்லை, உங்கள் அருங்காட்சியகம் சேகரிப்பதோடு போட்டி வரக் கூடாது என்பதே கருத்து. ஆனால் நடைமுறையில், காலையில் ஒருவர் கொண்டுவந்த காசு பதிவேட்டுக்குப் போகுமா என் பெட்டிக்குப் போகுமா என்று யாரும் சந்தேகப்படும் இடத்தில் நான் நிற்க விரும்பவில்லை.

விலை சொல்லச் சொல்லியும் வருவார்கள். ‘சும்மா ஒரு மதிப்பு சொல்லுங்க சார், விக்கப் போறதில்ல.’ அன்போடு மறுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன தொகை நாளைக்கு ஒரு தரகரின் வாயில் இருக்கும்.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு நம் சிலைகள் எப்படிப் போகின்றன? படித்தவர்கள்தானே அங்கே வாங்குகிறார்கள்?

படித்தவர்கள்தான். அதனால்தான் இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு வழக்குகளையும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

முதலாவது பத்தூர் நடராசர். 1976இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அவர் கையிலிருந்து தரகர்கள் கைக்குப் போய், லண்டனை எட்டி, 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. சுத்தம் செய்யக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள். இது பத்தூர்ச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி சாட்சி சொன்னார். சிலையின் பாணி, உலோகம் மட்டுமல்லாமல், அதில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட லண்டன் நீதிமன்றத்தில் பேசப்பட்டன. 1988இல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது, 1991இல் நடராசர் திரும்பினார். சிலையைப் பளபளவென்று யாராவது தேய்த்திருந்தால் அந்த மண் சாட்சி போயிருக்கும்.

இரண்டாவது அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வந்துவிட்டது என்று விற்றவர் தரப்பு காகிதம் காட்டியது. ஆனால் 1990களில் அதே சிலை கோயிலில் இருக்கும் படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் 1956இலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படமெடுத்து வைத்திருக்கிறது. காகிதம் பொய், படம் மெய். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து கொடுத்தார். விற்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் ஜெர்மனியில் கைதாகி இந்தியா கொண்டுவரப்பட்டார்; உடையார்பாளையம் கோயில் சிலைகள் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டுத் தண்டனை விதித்தது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனியும் இதே புகைப்படத் தொகுப்பால்தான் அடையாளம் காணப்பட்டது. அந்தப் படம் 1957இல் கோயிலில் எடுத்தது. ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும், 2019இல் அந்த அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. ஏலத்தில் முறைப்படி வாங்கினோம் என்று மூடி மறைக்காமல் தாங்களே எழுதினார்களே, அதைத்தான் நான் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

ஒரு பொருள் உங்கள் மேசைக்கு வரும்போது அது எவ்வளவு அழகு என்று பார்ப்பதற்கு முன், அது கைமாறிய வரலாற்றில் எந்த வருடம் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்.

திருமேனிகள் கோயிலில் இருக்க வேண்டுமா, அருங்காட்சியகத்திலா?

வழிபாடு நடக்கும் கோயிலின் திருமேனி கோயிலில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாதுகாப்பு இல்லாத சிறு கோயில்களின் திருமேனிகள் திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஊர்க்காரர்களுக்கும் இல்லை, ஆய்வாளருக்கும் இல்லை. ஊரிலேயே வலுவான அறையும் காவலும் கொடுக்க முடிந்தால் அதுவே நல்ல தீர்வு. மண்ணிலிருந்து கிடைத்து, எந்தக் கோயிலுக்குரியது என்று தெரியாதவற்றுக்கு அருங்காட்சியகம் சரியான இடம். எழும்பூர் வெண்கலக் கூடத்தில் ஒரு பாட்டி கைகூப்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காவலர் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது.

மனித எலும்புகளைத் தோண்டுவது சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் நாம் திறந்தவை யாரோ அழுது புதைத்தவர்களின் தாழிகள். அறிவுக்காகத் திறக்கலாம் என்று நம்புகிறேன், மரியாதையோடு. தலையோட்டோடு செல்ஃபி எடுப்பது, கையில் தூக்கிக் காட்டிச் சிரிப்பது என் களத்தில் கிடையாது. எலும்பைத் தொடுபவர் கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும். அது மரியாதைக்கும் ஆகும், மரபணு மாதிரியில் நம்முடையது கலக்காமல் இருக்கவும் ஆகும்.

அகழாய்வு முடிந்ததும் அறிக்கை வருவதற்கு ஏன் இத்தனை தாமதம்?

வகைப்படுத்தல், வரைபடம், ஆய்வகச் சோதனை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆவது நியாயம். அதற்கு மேல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004–05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்காகத் தமிழ்நாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. கீழடியின் முதல் இரண்டு பருவங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தச் சொல்லி அனுப்பியது. மண்ணடுக்குகளையும் காலக்கணிப்புகளையும் ஆதாரமாக வைத்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவர் தன் முடிவுகளில் நின்றார்.

அறிஞர்கள் கேள்வி கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அறிக்கை அச்சில் வந்த பிறகு, எல்லோர் கண் முன்னாலும் கேட்கட்டும். தோண்டிய குழியை இன்னொரு முறை தோண்ட முடியாது. அது இப்போது அந்தப் பக்கங்களில் மட்டும்தான் இருக்கிறது.

அதே நேர்மை நம் பக்கமும் வேண்டும். ஒரு கரித்துண்டின் ஆண்டை வைத்து ‘உலகின் மூத்த’ என்று மேடையில் முழங்குவது நமக்குப் பெருமை சேர்க்காது. ஆய்வகம் கொடுப்பது ஓர் ஆண்டு வரம்பு. அந்த வரம்போடு சொல்லுங்கள்.

என் வயலில் பழைய பொருள் கிடைத்தால் என்ன செய்வது? நிலத்தைப் பிடுங்கிவிடுவார்களா?

ஒரு தாழி கிடைத்தது என்பதற்காக யாரும் நிலத்தைப் பிடுங்கிவிட மாட்டார்கள். தோண்டுவதை நிறுத்துங்கள். கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறைவரை போகும். உரியவர் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்தப் பாதியை யாரும் ஊருக்குச் சொல்வதில்லை, அதனால்தான் பயந்து மறைக்கிறார்கள்.

இன்னொன்று. சரியான இடத்தை ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ போடாதீர்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து முதலில் வருவது ஆய்வாளராக இருக்கும் என்று நம்ப முடியாது.

வீட்டில் தாத்தா காலத்துச் சிலை இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள், சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டு. சிலை, ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். வைத்திருப்பது குற்றமில்லை. அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

விடுமுறையில் நானும் வந்து தோண்டலாமா?

நேரடியாக முடியாது. அகழாய்வுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும், மாநிலத் துறைக்கும் அதே விதிதான். பல்கலைக்கழகத் துறை வழியாக மாணவர்கள் களப்பயிற்சிக்கு வருவார்கள். மற்றவர்கள் நடக்கும் களங்களைப் போய்ப் பார்க்கலாம்.

அரசு வேலை எப்படிக் கிடைக்கும்?

மாநிலத்தில் தொல்லியல் அலுவலர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. மத்தியில் யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி வழியாக. பேராசிரியர் ஆக நெட் தேர்வில் தொல்லியலுக்கும் அருங்காட்சியகவியலுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு.

மறைக்காமல் சொல்கிறேன், அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை. பல பிள்ளைகள் திட்டப் பணியில், ஒப்பந்தத்தில், பருவத்துக்குப் பருவம் ஓடுகிறார்கள். திறமையான கள உதவியாளர்கள் சம்பளம் தாமதமாகி வேறு வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆர்வம் இருக்கிறவர்கள் குறைந்த கூலிக்கும் வருவார்கள் என்று நினைப்பதும் ஓர் அறக்கேடுதான்.

அரசுக்கு வெளியே?

பாரம்பரியப் பாதுகாப்புக்கு வேலை செய்யும் இன்டாக் போன்ற அமைப்புகள், முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற தனியார் அருங்காட்சியகங்கள், கோயில் நிர்வாகங்களின் ஆவணப் பணி, சுவடிகளை மின்படியாக்கும் திட்டங்கள், பழைய நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்கள். முப்பரிமாணப் படமெடுப்பும் வரைபட மென்பொருளும் தெரிந்தவர்களை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தட்டுப்பாடு இருக்கிறது. படியெடுத்தும் இன்னும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம்.

பெண் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். முகாமில் தனிக் கழிப்பறை, தங்கும் இடம், புகார் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நல்ல களங்கள் தாங்களே சொல்லும்.

இப்போது பத்தாவது படிக்கிறேன். எங்கிருந்து தொடங்கட்டும்?

உங்கள் ஊரிலிருந்து. ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கும், மதகில் ஒரு எழுத்துக்கல் இருக்கும், சுடலைக்குப் பக்கத்தில் ஒரு கல்வட்டம் இருக்கும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு டேப்பு போதும். கல்லின் உயரம், அகலம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, பக்கத்தில் என்ன, ஊரில் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யார் சொன்னார், என்றைக்கு எழுதினீர்கள். அசைக்காதீர்கள், எடுத்துவராதீர்கள். வரைந்து முடித்ததும் நோட்டின் மேல் மூலையில் தேதி போட்டுவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள், அந்தக் கல் அவர் சின்ன வயதில் எந்த இடத்தில் இருந்தது என்று.